பேருந்தின் கதவு எந்தப் பக்கம்? திருச்சியையும் திருவரங்கத்தையும் முன்வைத்துத் தமிழ்க் குழந்தைகளின் வாகனப் படப்புத்தகங்கள்

தமிழ் அரிச்சுவடியின் உயிரெழுத்துப் பக்கத்தில் அம்மா, ஆடு, இலை, ஈ, உரல், ஊஞ்சல் என்று வரிசையாக வரும் படங்களில் வாகனம் என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் ஒன்றுதான். அது ஓடம். சில சுவடிகளில் அந்த இடத்தையும் ஓணான் பிடித்துக்கொள்ளும். இன்று அந்தப் பக்கத்தைத் தடவிப் படிக்கும் குழந்தைகளில் ஓடத்தில் கால் வைத்தவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். ஆனால் திருச்சிக் குழந்தைக்கு அந்தச் சொல் ஊருக்குள்ளேயே இருக்கிறது. சிந்தாமணிப் பக்கம் காவிரிக் கரையில் ஓர் இடத்துக்கு ஓடத்துறை என்று பெயர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாகக் கிடக்கும் திருவரங்கத்துக்கு ஒரு காலத்தில் ஓடத்தில் ஆற்றைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. இன்று அந்தக் குழந்தை, 1976இல் திறக்கப்பட்ட காவிரிப் பாலத்தின் மேல் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போகிறது. சுவடியில் மட்டும் ஓடம் இன்னும் கரை சேரவில்லை.

இதைப் பதிப்பாளர்களின் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. அதற்கு மொழிக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. தொல்காப்பியம் வகுத்த மொழிமுதல் விதிப்படி ட, ர, ல ஆகிய எழுத்துகள் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வரமாட்டா. நம் தெருவில் ஓடும் ரயில், லாரி, டாக்சி மூன்றுமே அந்த எழுத்துகளில்தான் தொடங்குகின்றன. ரயிலைப் பாடநூலில் ஏற்ற ‘இரயில்’ என்று முன்னால் ஓர் இகரம் சேர்த்தார்கள். அப்படிச் சேர்த்த பிறகும் ‘இ’ என்ற எழுத்துக்கு இலையைத்தான் வரைந்தார்கள். லாரி சரக்குந்து ஆயிற்று, பஸ் பேருந்து ஆயிற்று, ஆட்டோ தானி ஆயிற்று. பேருந்து என்ற சொல் நன்றாகவே நிலைத்துவிட்டது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இரண்டரை வயதுக் குழந்தை படத்தில் விரலை வைத்து முதலில் சொல்வது ‘பஸ்’ என்றுதான். படத்துக்குக் கீழே வேறு சொல் அச்சாகியிருந்தால், படித்துக் காட்டும் பாட்டி எதைச் சொல்வது என்று ஒரு கணம் தயங்குகிறார். தமிழ் வாகனப் படப்புத்தகத்தின் வரலாற்றை எழுதும்போது இந்தத் தயக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

இழுத்த தேரும் எதிர்கொண்ட வாகனமும்

தமிழ்க் குழந்தை வாகனத்தைப் படத்தில் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே கயிற்றில் கட்டி இழுத்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரி கடலில் கலக்கும் பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டி விளையாடுகிறார்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசியாக வருவது சிறுதேர்ப் பருவம். கோயில் வாசல் கடைகளில் விற்கும் மர நடைவண்டிக்கு இன்றும் மூன்று சக்கரங்கள்தான். தச்சன் செய்த வண்டியும் பனங்காயில் குச்சி செருகிச் செய்த வண்டியும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த ஊரில், வண்டியின் படத்துக்கு யாரும் ஏங்கியிருக்க மாட்டார்கள்.

திருவரங்கத்தில் ‘வாகனம்’ என்ற சொல்லுக்கே இன்னொரு பொருள் முந்திக்கொண்டு நிற்கிறது. அரங்கநாதர் கோயிலின் சித்திரைத் தேர்த் திருவிழாவில் உற்சவமூர்த்தியான நம்பெருமாள் ஒவ்வொரு வாகனமாக மாறி மாறி எழுந்தருளுகிறார். கற்பக விருட்சம், சேஷன், ஹனுமந்தன், ஹம்ஸம், யாளி, யானை, குதிரை என்று போகும் அந்த வரிசையில் நான்காம் நாள் கருடன், ஒன்பதாம் நாள் தேர். தாத்தாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அது நாளுக்கொரு பக்கமாகத் திருப்பிக் காட்டும் பெரிய படப்புத்தகம்தான். இன்று என்ன வாகனம், நாளைக்கு என்ன வாகனம் என்று கேட்டுக் கேட்டே வரிசையை மனப்பாடம் செய்துவிடும். படப்புத்தகம் குழந்தைக்குக் கற்றுத்தரும் அடிப்படைத் திறன்களான பெயர் சொல்லுதல், வரிசை அறிதல், அடுத்ததை எதிர்பார்த்தல் மூன்றும் சித்திரை வீதியில் அச்சு இல்லாமலே நடந்தன.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. வாகனம் வரும்வரை வீதியில் காத்து நிற்கிறோம், எதிர்கொண்டு சேவிக்கிறோம். அதனால் குழந்தையின் மனத்தில் பதிவது வாகனத்தின் முகம். கருடனுக்கும் ஹனுமனுக்கும் குதிரைக்கும் கண்ணும் மூக்கும் இருக்கின்றன. இங்கிலாந்தில் பாதிரியார் ஆட்ரி 1945இல் ‘தி த்ரீ ரயில்வே எஞ்சின்ஸ்’ என்ற நூலில் ரயில் எஞ்சினுக்கு முகம் வைத்தது மேற்கத்தியக் குழந்தை நூல்களில் பெரிதாகப் பேசப்படும் நிகழ்வு. திருவரங்கத்துக் குழந்தைக்கு முகமுள்ள வாகனம் புதிதல்ல. ஆயுத பூஜையன்று டவுன் பஸ்ஸின் முகப்பில் சந்தனமும் குங்குமமும் வைத்து, இரண்டு விளக்குகளுக்கு நடுவே மாலை தொங்கவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

காக்காப்பொன் ஓவியங்கள்

திருச்சியில் வாகனங்கள் தொகுப்பாகப் படமாவது 19ஆம் நூற்றாண்டில். காக்காப்பொன் என்று நாம் சொல்லும் அபிரகத்தின் மெல்லிய தகடுகளில் வண்ணம் தீட்டும் ஓவியர்கள் இங்கே இருந்தார்கள். கண்டோன்மென்ட் ஊர் என்பதால் வாங்குவதற்குக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் இருந்தார்கள். தொழில் செய்வோர், ஊர்வலம், பல்லக்கு, வாகனத்தில் எழுந்தருளும் தெய்வம் என்று தொகுதி தொகுதியாக வரைந்து விற்றார்கள். அவற்றில் பல இன்று லண்டன் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஒரு தகட்டுக்கு ஒரு பொருள், பின்னணி கிட்டத்தட்ட வெறுமை, தெளிவான பளிச்சென்ற நிறம். இன்றைய அட்டைப் படப்புத்தகத்தின் இலக்கணம் முழுவதும் அதில் இருந்தது. வாங்கியவர்கள் மட்டும் குழந்தைகள் அல்லர். இந்த ஊர்க் கைகள் வரைந்த இந்த ஊர் வாகனங்கள் கப்பலேறிப் போய்விட்டன. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்கு அவை ஒருநாளும் வரவில்லை என்பது என்னை உண்மையாகவே வருத்துகிறது.

ஐரோப்பாவில் அதற்குள் வாகனம் பாடநூலில் ஏறி இரு நூற்றாண்டு ஆகப் போயிற்று. கொமேனியஸ் 1658இல் நூரெம்பர்க்கில் வெளியிட்ட ‘ஓர்பிஸ் சென்சுவாலியம் பிக்டஸ்’ நூலில் வண்டிகளுக்கும் கப்பல்களுக்கும் தனிப் பாடங்கள் உண்டு. படத்தின் உறுப்புகளுக்கு எண் கொடுத்து அதே எண்ணில் சொல்லையும் தந்தார். 1860களில் வால்டர் கிரேன் ரயிலை வைத்தே ஆங்கில அரிச்சுவடி ஒன்றை வரைந்தார்.

அதே பத்தாண்டில்தான் திருச்சிக்கு ரயில் வருகிறது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே போட்ட நாகப்பட்டினம் பாதை 1862இல் திருச்சியைத் தொட்டது. 1874இல் அது கர்நாடிக் ரயில்வேயுடன் இணைந்து தென்னிந்திய ரயில்வே ஆனது, பிறகு திருச்சியே அதன் தலைமையிடம் ஆனது. 1928இல் நாகப்பட்டினத்துப் பணிமனை பொன்மலைக்கு மாறியது. ஒரு முழுக் குடியிருப்பே ரயிலால் வாழத் தொடங்கியது. நீலகிரி மலை ரயிலுக்குப் புதிய நீராவி எஞ்சின்களை இந்த நூற்றாண்டிலும் பொன்மலைத் தொழிலாளர்கள் செய்து தந்திருக்கிறார்கள். அப்பா எஞ்சின் செய்கிறார், பிள்ளை முன்னால் நிற்பவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ‘கூ’ என்று தெருவில் ரயில் ஓட்டுகிறது. விளையாட்டுக்கும் தொழிலுக்கும் இடையே வந்திருக்க வேண்டிய புத்தகத்துக்குத்தான் இடம் காலியாக இருந்தது.

பாட்டு கேட்டது, படம் வரவில்லை

இந்த இடைவெளிக்கு முதற்காரணம் வண்ண அச்சின் விலை. அதைவிடப் பெரிய காரணம், புத்தகம் என்றால் பள்ளிக்கூடம் போன பிறகு என்ற எண்ணம். நியூயார்க்கில் லூசி ஸ்ப்ரேக் மிட்செல் 1921இல் ‘ஹியர் அண்ட் நவ் ஸ்டோரி புக்’ வெளியிட்டு, சிறு குழந்தைக்கு ராஜகுமாரி கதையைவிடத் தன் தெருவில் ஓடும் வண்டியே பெரிய அதிசயம் என்று வாதாடினார். ரஷ்யாவில் மார்ஷாக்கின் ‘போச்தா’ 1927இல் ட்செகனோவ்ஸ்கியின் படங்களோடு வந்தது. ஒரு கடிதம் ஆள் மாறி, வண்டி மாறி உலகைச் சுற்றுவதுதான் அதன் கதை.

தமிழில் அந்த ஆண்டுகளிலும் அதன் பின்னும் குழந்தை இலக்கியத்தின் உயிர் செவியில்தான் இருந்தது. புதுக்கோட்டைச் சீமை ராயவரத்துக்காரரான அழ. வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’ 1944இல் வந்தது. அவருடைய பாடல்களைத் தமிழ்க் குழந்தைகள் படிப்பதற்கு முன்பே வாய்வழி கேட்டுப் பாடினார்கள். அதே சீமையில் அரிமளத்தில் 1925இல் பிறந்து, இளமையில் திருச்சியில் இதழ்ப்பணி செய்த வாண்டுமாமா பிற்காலத்தில் அறிவியல் செய்திகளைச் சிறுவர்களுக்குச் சுவையாக எழுதிக் குவித்தார். ஆனால் அவருடைய வாசகர் தானே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். மடியில் உட்கார்ந்து படம் பார்க்கும் வயதுக்கு எழுத அன்று சந்தையே இல்லை.

அந்த வயதுக்குப் படம் வேறு வழியில் வந்தது. சுவரில் ஆணியடித்து மாட்டிய ‘போக்குவரத்து’ விளக்கப்படம்: கட்டங்கட்டமாக மாட்டுவண்டி, சைக்கிள், பஸ், ரயில், கப்பல், விமானம். எல்லாம் ஒரே அளவு. கப்பலும் சைக்கிளும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அது பெயர்ப் பட்டியல். புத்தகம் செய்யக்கூடிய ஒன்றை அதனால் செய்ய முடியாது, ஏனென்றால் அதில் எதுவும் நகராது.

1951இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக வந்த சோவியத் நூல்கள் இங்கே ஒரு திருப்பம். மாஸ்கோவிலேயே தமிழில் அச்சான பெரிய வண்ணப் பக்கங்கள், நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டிய விலை. 1982இல் ராதுகா பதிப்பகம் உருவான பின் குழந்தை நூல்கள் இன்னும் பெருகின. சுற்றி வந்த விற்பனை வேனில் ஏறிப் புத்தகம் பொறுக்கிய ஒரு தலைமுறை இன்றும் அந்தப் பக்கங்களின் வாசனையைச் சொல்கிறது. புத்தகம் வாகனத்தில் வந்தது. அதில் பனி மூடிய தெருவும் ரஷ்ய வண்டிகளும் இருந்தன. 1991உடன் அந்த வழி அடைபட்டது.

இந்தியாவுக்குள் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டும் நேஷனல் புக் டிரஸ்டும் 1957இல் தோன்றின. தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் படப்புத்தகங்களைச் சென்னையில் துளிகா 1996 முதல் கொண்டுவந்தது. 2015இல் பிரதம் புக்ஸ் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் யாரும் இலவசமாகப் படிக்கவும் மொழிபெயர்க்கவும் அச்சிடவும் உரிமை தந்தது. ஆட்டோவும் லாரியும் தமிழ்ப் பக்கங்களில் தம் சொந்தப் பெயரோடு ஓடத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான். 2023இல் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் சிறுநூல்களை நுழை, நட, ஓடு, பற என்று தரம் பிரித்தது. படிப்பைப் பயணமாகப் பார்த்து யாரோ அன்போடு வைத்த பெயர்கள் இவை. வகுப்பறை வரிசைக்கே ரயில் பெட்டிபோல் வண்ணமடித்து, வாசலைப் பெட்டியின் கதவாக்கிய அரசுப் பள்ளிகளும் அதே அன்பில் சேர்பவை. 2014இல் திறந்த திருச்சி ரயில்வே அருங்காட்சியகத்தில் குழந்தைகள் எஞ்சினைத் தொட்டே பார்க்கலாம்.

வலப்பக்கம் ஓடும் பஸ்

கடைசியாக ஒரு வடிவச் சிக்கல். இதைத் தமிழில் யாரும் விரிவாகப் பேசி நான் பார்த்ததில்லை. தமிழை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம், பக்கத்தை வலமிருந்து இடமாகத் திருப்புகிறோம். அதனால் புத்தகத்தில் வண்டி முன்னோக்கிப் போக வேண்டுமென்றால் வலப்பக்கம் பார்த்து ஓட வேண்டும். அப்படி ஓடும் பஸ்ஸில் நமக்குத் தெரிவது அதன் வலது விலா. அமெரிக்காவில் பஸ்ஸுக்குக் கதவு வலப்பக்கம், ஆகவே அந்த ஊர்ப் புத்தகத்தில் பஸ்ஸும் ஓடும், கதவும் தெரியும். நம் பஸ்ஸில் படிக்கட்டு இடப்பக்கம். சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்று நாம் பார்ப்பதும் ஏறுவதும் அந்த இடது விலாவில்தான். அதை வரைந்தால் பஸ் இடப்பக்கம் திரும்பி, கதையின் திசைக்கு எதிராக ஓடும். நமது ஓவியர் ஒவ்வொரு முறையும் கதவையா திசையையா, எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. மேல்நாட்டு மாதிரியைப் பார்த்து வரைந்த பல புத்தகங்கள் கதவை வலப்பக்கம் மாற்றி வைத்துத் தப்பிக்கின்றன. பக்கம் பக்கமாகக் கண்டக்டரும் கூடைக்காரம்மாவும் நடுச் சாலையில் இறங்குகிறார்கள்.

ரயிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. இரு விலாவிலும் கதவு உண்டு, பெட்டிக்குப் பின் பெட்டி வருவது பக்கத்துக்குப் பின் பக்கம் வருவதோடு இயல்பாகப் பொருந்துகிறது. டொனால்ட் க்ரூஸின் ‘ஃப்ரைட் ட்ரெயின்’ 1978இல் இந்தப் பொருத்தம் ஒன்றைக்கொண்டே முழுப் புத்தகத்தையும் நடத்திக்காட்டியது. ரயில்தான் படப்புத்தகத்துக்கு முதலில் வசப்பட்ட வண்டி என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பஸ்ஸுக்கு ஒரு வழி இருக்கிறது. அதை எனக்குக் காட்டியது திருவரங்கத்து மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி. எழுத்து ஒன்றும் தெரியாது, ஆனால் ஒன்றாம் நம்பரை மட்டும் நன்றாகப் படிப்பாள், பஸ் போர்டில் கற்றது. அவள் கையில் இருந்த தமிழ்ப் புத்தகத்தில் ஓவியர் நேர்மையாக வரைந்திருந்தார். பஸ் வலப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது, வலது ஜன்னலில் டிரைவர், கதவே இல்லை. “எங்க ஏறணும்?” என்று கேட்டாள். அம்மா பதில் சொல்வதற்குள், அந்தத் தாளைப் பிடித்துத் திருப்பி, பின்பக்கத்தில் படிக்கட்டைத் தேடினாள்.