பதிவாகாத உயிலும் பாகப்பிரிவினை வழக்கும்: எதிர்ப்பின் சரியான இடம்

1927 சனவரி 1-க்கு முன் செஞ்சிச் சீமையின் தளவானூரில் வாழ்ந்த இந்து ஒருவர், சாட்சிக் கையெழுத்தின்றி, வாய்மொழியாகக்கூட உயில் சொல்லிவிட்டுப் போகலாம், அது செல்லும். 1870-ஆம் ஆண்டின் இந்து உயில் சட்டம் மதராஸ் மாகாணத்தில் சென்னை நகரத்துக்கே பொருந்தியது. செஞ்சிச் சீமை அதற்கு வெளியே இருந்தது. அந்தத் தளர்வு போய் ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது. இன்று ஊரில் நேர்மாறான நம்பிக்கை வேரூன்றிவிட்டது: பதிவு செய்யாத உயில் செல்லாது என்று.

இந்த நம்பிக்கை, நியாயமான பல வழக்குகளைக் கெடுக்கிறது என்பதே என் வாதம். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 18-ஆம் பிரிவில் உயில் பதிவை எழுதுபவரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. இரண்டு ஏக்கர் புஞ்சையிலும் கிணற்றிலும் தனக்குரிய பங்கைக் கேட்டு மகள் வழக்குப் போடுகிறாள். அண்ணன் எதிர்வழக்குரையோடு ஒரு வெள்ளைத்தாள் உயிலை நீட்டுகிறான். ‘பதிவாகவில்லை’ என்று மட்டும் அவள் மறுத்தால், சட்டம் கேட்காத ஒன்றைக் கேட்டு நிற்கிறாள்.

முதலில் பார்க்க வேண்டியது நிலம் அப்பாவின் சுயார்ஜிதமா, பூர்வீகமா என்பது. பூர்வீகமானால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவுப்படி அவர் தம் பங்கை மட்டுமே உயிலில் எழுத முடியும். 2005-ஆம் ஆண்டுத் திருத்தமும் அதை விளக்கிய 2020-ஆம் ஆண்டு வினீதா சர்மா தீர்ப்பும் மகளுக்குப் பிறப்பாலேயே பங்கு தந்துவிட்டன. அந்தப் பங்கை அப்பாவின் உயில் தொடாது.

அடுத்தது சாட்சி. வழக்கின் உயிர் இங்கேதான். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 63-ஆம் பிரிவில், குறைந்தது இருவர் சான்றொப்பமிடக் கேட்கிறது. எழுதியவர் கையெழுத்திட்டதை ஒவ்வொருவரும் பார்த்திருக்க வேண்டும், அல்லது அவர் வாயாலேயே கேட்டறிந்திருக்க வேண்டும்; அவர் முன்னிலையில் தாமும் கையெழுத்திட வேண்டும். அவர்களில் ஒருவராவது கூண்டேற வேண்டும் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு சொன்னதை, 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய அதிநியமும் தொடர்கிறது. கூண்டேறியவர் தம் கையெழுத்தை மட்டும் ஒப்புக்கொண்டால் போதாது. மற்றவரும் முறைப்படி சான்றொப்பமிட்டதைச் சொல்ல வேண்டும் என்று 2002-இல் ஜானகி நாராயண் போயிர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பத்திர எழுத்தரின் பெயர் அடியில் இருப்பதாலேயே அவர் சாட்சியாகிவிட மாட்டார். சான்றளிக்கும் எண்ணத்தோடு கையெழுத்திட்டிருக்க வேண்டும். குறுக்கு விசாரணையில் பொய் உயில்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உடையும்.

முப்பது வருடப் பழைய தாள் என்பதும் உதவாது. பழைய ஆவணங்களுக்குரிய அனுமானம் உயிலின் நிறைவேற்றத்தை மெய்ப்பிக்காது.

உயிலைக் கொண்டுவருபவரே அதன் சந்தேகங்களைத் தீர்க்க வேண்டும் என்பது 1958-இல் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் நிலைபெற்ற விதி. மகளை விலக்கியது மட்டுமே சந்தேகமாகாது. இயல்பான வாரிசு முறையை மாற்றத்தான் உயிலே எழுதப்படுகிறது. ஆனால் பயன் பெறுபவனே எழுத்தரை அழைத்து வந்தானா? அப்பா இறந்தபின் எல்லா வாரிசுகளின் பெயரிலும் கூட்டுப்பட்டா கேட்டபோது உயிலைப் பற்றி ஏன் வாய்திறக்கவில்லை? என் பார்வையில் இந்த மௌனம் கையெழுத்து வேறுபாட்டைவிடக் கனமானது; கையெழுத்துக்கு நிபுணர்கள் இரு பக்கமும் கிடைப்பார்கள்.

இலங்கையில் 1840-ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், நொத்தாரிசு இல்லாமல் எழுதும் உயிலுக்கு ஐந்து சாட்சிகளைக் கேட்கிறது. நம் சட்டமோ இரண்டோடு நிற்கிறது. ஐந்து தேவையில்லை; ஏழைகள் எழுதும் உயில் அதனால் நின்றுபோகும். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதே, உயில் உண்டா இல்லையா என்று ஒவ்வொரு வாரிசிடமும் உறுதிமொழி வாங்குங்கள் என்றுதான் வருவாய்த்துறையைக் கேட்கிறேன்.