குண்டு பாயும் தூரம் வரை: கடலூரில் ஒரு கோட்டை கைமாறிய கதை

இத்தாலியில ஒரு யூரோவுக்குப் பழைய கிராமத்து வீடு விக்கிறாங்கன்னு ரீல்ஸ் பார்த்திருப்பீங்க. வாங்கி, ரிப்பேர் பண்ணி, டூரிஸ்ட்டுக்கு வாடகைக்கு விட்டு, விலை ஏறினதும் கைமாத்தி விட வேண்டியதுதான். நம்ம ஆளுங்க சிலருக்கும் அந்த ஆசை உண்டு. இன்னைக்கு எபிசோட்ல அதைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் நம்ம ஊர்ல வந்து இடம் வாங்கினா என்ன ஆகும்?

இன்றைக்கு அது லேசான விஷயம் இல்லை. அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்ம சொந்தக்காரரே ஆனாலும், என்.ஆர்.ஐ. என்றால் ஃபிளாட் வாங்கலாம், விவசாய நிலமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையா வந்தா வச்சுக்கலாம், அவ்வளவுதான்.

இந்தச் சட்டம் எதுவும் இல்லாத காலத்தில், பாஸ்டனில் பிறந்த ஒருவர் கடலூரில் இடம் வாங்கினார். பெயர் எலிஹு யேல். ஆமா, யேல் யுனிவர்சிட்டி இருக்கே, அதே யேல்தான். 1687 முதல் 1692 வரை சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். வாங்கியது கிழக்கிந்தியக் கம்பெனிக்காக.

இடம் எது தெரியுமா? நீங்க சில்வர் பீச்சுன்னு செல்ஃபி எடுக்கிற தேவனாம்பட்டினம். கெடிலம் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோட்டை இருந்தது. உள்ளூர் வணிகர் ஒருவர் கட்டியதாகச் சொல்வார்கள். 1677-ல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தபோது இந்தப் பகுதியும் மராத்தியர் கைக்கு வந்தது. சிவாஜியின் மகன் ராஜாராம் முகலாயர்களிடமிருந்து தப்பி 1689-ல் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். பின்னாலேயே ஔரங்கசீப்பின் படையும் வந்தது. முற்றுகை, படைச் செலவு, கையில் காசு இல்லை. அவசரத்துக்கு நிலத்தை விக்கிறவர் நிலைமை நமக்குத் தெரியாததா?

1690-ல் ஒப்பந்தம் முடிந்தது. அதில்தான் விசேஷமான ஒரு நிபந்தனை. கோட்டை மட்டும் இல்லை, கோட்டையிலிருந்து பீரங்கியில் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ, அதுவரை உள்ள ஊர்களும் கம்பெனிக்குச் சொந்தம். ஆங்கிலத்தில் இதை 'ரேண்டம் ஷாட்' என்றார்கள். ரேண்டம்னா குத்துமதிப்பா சுடறதுன்னு நினைச்சுடாதீங்க. அந்தக் காலப் பீரங்கிக்காரர்களின் பாஷையில், குழாயை மேல்நோக்கித் தூக்கி வைத்து, குண்டு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் சுடுவது என்று அர்த்தம்.

இதில் ஒரு கணக்கு இருக்கு. தூரம் இரண்டு மடங்கானால், வட்டத்தின் பரப்பு நாலு மடங்கு. அதனால் கம்பெனி சென்னையிலிருந்து தன்னிடம் இருந்த நல்ல பித்தளைப் பீரங்கியை அனுப்பியது. இனி எல்லாம் சுடுகிறவன் கைத்திறமையில் இருக்கிறது என்கிற மாதிரி ஒரு கடிதமும் கூடவே போனது. பீரங்கியைத் திசைக்குத் திசை திருப்பிச் சுட்டார்கள். கடலூர் நகரமே அந்த வட்டத்துக்குள் விழுந்தது. அந்த ஊர்களுக்கு 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர். கடலூர்ப் பக்கம் இன்றைக்கும் குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் இருக்கிறது. குண்டு சாலையும் இருக்கிறது.

கோட்டைக்கு செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தார்கள். யேலின் பூர்வீகமான வேல்ஸின் காவல் புனிதர் பெயர் அது. யேலுக்கு டேவிட் என்று ஒரு மகனும் இருந்தான். 1688-ல் சின்ன வயதிலேயே இறந்துபோனான். அவனைப் புதைத்த இடம் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது.

சரி, வாங்கியாச்சு. அடுத்து என்ன? வாடகை! வியாபாரத்தைப் போலவே நில வருமானமும் முக்கியம் என்று லண்டனில் இருந்த இயக்குநர்கள் அப்போதே எழுத ஆரம்பித்திருந்தார்கள். கடலூரில் வெற்றிலை, புகையிலை, சாராயம் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டார்கள். துணி வாங்கிக் கப்பலில் ஏற்ற வந்த கம்பெனி, இங்கே நிலச்சுவான்தார் வேலையும் பழகிக்கொண்டது.

இப்ப ஒரு கேள்வி. இடம் வாங்குறதுக்கு முன்னாடி நாம மூலப் பத்திரம் கேட்போம், வில்லங்கச் சான்று எடுப்போம். இங்கே வித்தவர் யார்? அந்த மண்ணைப் பதிமூணு வருஷமா வச்சிருந்த ஓர் அரசு. அதற்கு முன் பீஜப்பூர், அதற்கும் முன் செஞ்சி நாயக்கர்கள். 1698-ல் செஞ்சி முகலாயர் கைக்குப் போனது. வித்தவர் தரப்பே ஊரில் இல்லை. வில்லங்கம் வராமல் இருக்குமா? 1710-ல் செஞ்சியில் இருந்த சொரூப் சிங், நம்ம தேசிங்கு ராஜனோட அப்பா, நிலப் பாக்கி கேட்டு ஆங்கில அதிகாரிகள் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போனார். சண்டை ஓய 1712 ஆனது.

அதற்குப் பிறகு கோட்டை கைமாறியதெல்லாம் காசுக்கு இல்லை. 1746-ல் சென்னையை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததும், தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடமே இந்தக் கோட்டைதான். 1752 வரை அப்படி இருந்தது. 1756-ல் ராபர்ட் கிளைவ் இங்கே கவர்னர் ஆனார். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். 1760-ல் ஆங்கிலேயர், 1782-ல் பிரெஞ்சுக்காரர், 1785-ல் மறுபடி ஆங்கிலேயர் என்று ஊர் கைமாறிக்கொண்டே இருந்தது. சண்டை தெற்கேயும் பரவியது. 1781-ல் சிதம்பரம் நடராஜர் கோயிலையே ஹைதர் அலியின் படை கோட்டையாக்கி உள்ளே இருந்தது. அயர் கூட் தாக்கியும் பிடிக்க முடியவில்லை. கொஞ்ச நாளில், ஜூலை 1 அன்று, பக்கத்துப் பரங்கிப்பேட்டையில் பெரிய போர் நடந்தது.

இந்தக் கதையை வழக்கமா யேலோட சாமர்த்தியம்னு சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. எனக்கு அந்த வட்டத்துக்குள்ள அன்னைக்கு இருந்தவங்க ஞாபகம்தான் வருது. காலையில் வலையோடு கடலுக்குப் போனவர், தறியில் உட்கார்ந்தவர், நாற்று நட்டுக்கொண்டிருந்தவர். தூரத்தில் ஒரு சத்தம் கேட்டிருக்கும். அந்தச் சத்தத்தோடு தங்கள் ஊருக்கு முதலாளி மாறிவிட்டார் என்று அவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை, கையெழுத்து வாங்கவும் இல்லை. பத்திரத்தில் அவர்கள் பெயர் கிடையாது. பீரங்கி பாயும் தூரம் மட்டும்தான் இருந்தது.

இன்றைக்குக் கோட்டையில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, சிதிலங்கள்தான். அடுத்த தடவை சிதம்பரத்திலிருந்து கடலூர் போனா, லாரன்ஸ் ரோடு, இம்பீரியல் ரோடுன்னு போர்டைப் பார்த்துட்டு அப்படியே வந்துடாதீங்க. குண்டு உப்பலவாடி வரை ஒரு நடை போங்க. அங்கே இருக்கிற பெரியவங்ககிட்ட, ஊருக்கு ஏன் இந்தப் பேருன்னு கேளுங்க. அவங்க என்ன சொன்னாங்கன்னு எங்களுக்கும் எழுதுங்க.