எலும்புக்கூட்டை யார் தூக்குவது?

ஒன்பதாம் வகுப்பில் நடந்தது இது. மனித உடல் பற்றிய பாடம். மேல்நிலை வகுப்பு ஆய்வகத்திலிருந்து எலும்புக்கூட்டை எடுத்துவர வேண்டும். வாத்தியார் வகுப்பைச் சுற்றிலும் பார்த்தார். ஊர்த்தெருப் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் கண் என்மேலும், எங்க காலனிப் பையன் இன்னொருத்தன்மேலும் வந்து நின்றது. "நீங்க ரெண்டு பேரும் போயி எடுத்தாங்கடா. உங்களுக்குப் பழக்கந்தானே?" என்றார். வகுப்பு சிரித்தது.

எடுத்து வந்தோம். பிளாஸ்டிக் பொம்மை இல்லை அது. அசல் எலும்பு. பழுப்பேறி, மூட்டுக்கு மூட்டு கம்பி கோத்திருந்தது. வாத்தியார் தள்ளி நின்று பிரம்பால் தொட்டுத் தொட்டு, 206 எலும்பு என்று பாடம் நடத்தினார். மத்தியானம் சத்துணவு வரிசையில் எங்கள் இருவருக்குப் பின்னால் ஒருத்தனும் நிற்கவில்லை. பொணத்து எலும்பைத் தொட்ட கையாம்.

அன்றைக்குக் கேட்கத் தெரியவில்லை. பிறகு நான் எம்.ஏ. தமிழ் படித்து, இயக்கத்துக்கு வந்து, நாலு புத்தகம் புரட்டிய பின்னும் அந்தக் கேள்வி விடவில்லை. உடலைத் தொட்டவனுக்குத் தீட்டு, உடலைப் படித்தவனுக்குப் பட்டம் என்கிற இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது? நாங்கள் தூக்கிய அந்த எலும்பு யாருடையது?

*

மாரண்டஹள்ளியை நாங்கள் மாரண்டள்ளி என்போம். பாலக்கோடு தாலுகாவில் ரயில் நின்று போகிற சின்ன ஊர். ஊரில் மாடு செத்தால் என் பெரியப்பாவுக்குத்தான் ஆள் வரும். கூலி என்று எதுவும் கிடையாது. சூரிக்கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு போவார். சின்னப் பையனாக நானும் பின்னாலேயே போயிருக்கிறேன். தோலைக் கிழிக்காமல், சவ்வு பார்த்து உரிப்பார். பித்தப்பையை விரலால் தாங்கிப் பிடித்து மெல்ல அறுப்பார். "பித்து ஒடஞ்சா கறி முச்சூடும் கசந்துபூடும், கண்ணு." குண்டிக்காய், சுவரொட்டி, ஈரல், நுரையீரல் என்று ஒவ்வொன்றாகக் காட்டுவார். மூச்சுக்குழலில் வாய் வைத்து ஊதுவார். நுரையீரல் புசுபுசுவென்று உப்பும். அதில் கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டால் முகம் மாறிவிடும். "இது சீக்கு மாடு, பொதைச்சிடு" என்பார்.

மூச்சு மண்டலமும் செரிமான மண்டலமும் நான் முதலில் படித்த பள்ளிக்கூடம் அதுதான். கைநாட்டுக்காரர் எனக்குச் சொல்லித் தந்தது உடற்கூறியல் என்பதும், சீக்கு மாட்டைத் தள்ளியது நோய்க்கூறியல் என்பதும் பிற்பாடு புரிந்தது. ஊர் அவருக்குக் கொடுத்த பட்டம் வேறு.

சேரியில் வைத்தியம் படித்தவர்களும் இருந்தார்கள். பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) சித்த வைத்தியர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவர், நாடி பிடித்து மருந்து கொடுத்தவரும்கூட. பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சிகளும் கட்டி அறுத்தவர்களும் நாவிதர் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். இரத்தத்தையும் சீழையும் நஞ்சுக்கொடியையும் தொட்ட கைகள் எல்லாம் இந்த மண்ணில் கீழே தள்ளப்பட்ட கைகள்தான்.

*

சாத்திரம் காட்டும் உடம்பு வேறு. ரிக் வேதத்தின் புருஷ சூக்தத்தில் ஒரு பெரிய மனித உடம்பு வருகிறது. வாயிலிருந்து பிராமணன், தோளிலிருந்து சத்திரியன், தொடையிலிருந்து வைசியன், பாதத்திலிருந்து சூத்திரன். அம்பேத்கர் 1946இல் எழுதிய 'சூத்திரர்கள் யார்?' நூலில் இதை வரிவரியாகப் பிரித்துக் கேள்வி கேட்டார். நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான். அந்த உடம்பில் பாதத்துக்குக்கூட நமக்கு இடமில்லை. உள்ளே குடலோ இதயமோ மூளையோ என்ன செய்கிறது என்று அந்த உடம்பு சொல்வதில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் மேல், கீழ்.

அறுத்துப் பார்த்தால் இந்தக் கதை நிற்காது. அதனால்தானோ என்னவோ, அறுக்கிறவனை மனு சும்மா விடவில்லை. வைத்தியனைச் சிரார்த்தப் பந்தியில் சேர்க்கக் கூடாது, அவன் தரும் சோறு சீழைப் போன்றது என்கிறது மனுஸ்மிருதி. வைத்தியனுக்கே இந்தக் கதி. சுசுருத சம்ஹிதை உடலைப் படிக்க ஒரு வழி சொல்கிறது. பிணத்தைப் புல்லால் சுற்றிக் கூண்டில் வைத்து, ஓடுகிற நீரில் ஏழு இரவு ஊறவிட்டு, பிறகு தூரிகையால் மெல்லத் தேய்த்துத் தேய்த்து அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்துத்தான் உடலைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அந்த நூல் சொன்னது பெரிய விஷயம். ஆனால் அந்தப் படிப்பு தழைக்கவில்லை. பிணம் தீட்டு என்ற இடத்தில் உடற்கூறியல் எப்படித் தழைக்கும்?

*

1835இல் வெள்ளையர் ஆட்சி கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரியையும் சென்னையில் மருத்துவப் பள்ளியையும் தொடங்கியது. 1836இல் கல்கத்தாவில் மதுசூதன் குப்தா என்ற வைத்தியர் ஒரு பிணத்தில் கத்தி வைத்தார். நவீன காலத்தில் ஒரு இந்தியர் செய்த முதல் பிண அறுவை என்று வரலாறு அதைக் கொண்டாடுகிறது. வில்லியம் கோட்டையில் பீரங்கி முழங்கியது என்று ஒரு கதையும் உண்டு. சாதிக் கட்டை மீறிய அவர் துணிச்சலை நான் குறைக்கவில்லை. ஆனால் அந்தப் பிணத்தை மேசைவரை சுமந்து வந்தது யார்? அறுத்த மிச்சத்தைக் கட்டி எடுத்துப் போனது யார்? நான் படித்த எதிலும் அந்தப் பெயர்கள் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பிணம் தொட்டவனுக்குப் பீரங்கி முழங்கவில்லை. ஒரே ஒருநாள் தொட்டவருக்கு முழங்கியதாம்.

வங்காளத்தில் சுடுகாட்டு வேலை டோம் சாதியின் தலையில் கட்டப்பட்டது. பிணவறை உதவியாளரை அங்கே இன்னமும் 'டோம்' என்றே கூப்பிடுகிறார்கள். 2021இல் கல்கத்தா நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் அப்படி 6 இடங்களுக்கு ஆள் எடுத்தபோது சுமார் 8,000 பேர் விண்ணப்பித்தார்கள்; பொறியியல் படித்தவர்களும் இருந்தார்கள். வேலையில்லாத கொடுமை தீட்டையும் தாண்டவைத்திருக்கிறது. பெயர் மட்டும் சாதிப் பெயராகவே நிற்கிறது.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? உறவினர் ஒருவர் உடலுக்காக ஒரு பிணவறை வாசலில் நாள் முழுக்க நின்றேன். உள்ளே உளியும் சுத்தியலும் பிடித்தவர் எங்க ஆள். டாக்டர் வாசலோரம் மூக்கைப் பொத்தி நின்று எழுதிக்கொண்டிருந்தார். கையெழுத்து அவருடையது.

*

அறுக்க உடல் எங்கிருந்து வந்தது? இது உலகம் பூராவும் ஏழைகளின் கதை. 1828இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று உடற்கூறியல் ஆசிரியர் ஒருவருக்கு உடல்களை விற்றது வெளியே வந்தது. 1832இல் இங்கிலாந்து சட்டம் போட்டது. ஏழை விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் செத்து, கேட்க ஆளில்லாதவர்களின் உடல்கள் கல்லூரிக்குப் போகலாம். அதற்குமுன் கொலைகாரனுக்குத் தண்டனையாக இருந்த அறுவை, அதன்பின் ஏழ்மைக்குத் தண்டனையானது. மருத்துவ மாணவர்கள் இன்றைக்கும் கையில் வைத்திருக்கும் கிரே எழுதிய உடற்கூறியல் நூல் (1858) அப்படிப்பட்ட உடல்களைப் பார்த்து எழுதி, வரையப்பட்டது. படம் வரைந்த கார்ட்டர் அதே ஆண்டு பம்பாய்க்கு வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினார்.

சென்னை மாகாணத்தில் 1951இல் உடற்கூறியல் சட்டம் வந்தது. உரிமை கோரப்படாத உடல்களை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க அது வழிசெய்தது. தானமாக வரும் உடல்கள் இப்போது உண்டு. என்றாலும் 'உரிமை கோரப்படாத' என்ற சொல்லில் யார் யார் இருப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா? பஞ்சம் பிழைக்கப் போய்ப் பிளாட்பாரத்தில் விழுந்தவன், தகவல் போய்ச்சேராத குடும்பத்துக்காரன்.

எலும்புக்கும் சந்தை இருந்தது. உலகத்தின் பல மருத்துவக் கல்லூரிகளுக்கு எலும்புக்கூடு போனது கல்கத்தாவிலிருந்துதான். ஆற்றோரமும் சுடுகாட்டிலும் எடுத்த ஏழைகளின் உடல்கள். கழுவிக் காயவைத்தவர்கள் டோம்கள். லாபம் ஏற்றுமதியாளருக்கு. 1985இல் இந்திய அரசு இந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. நாங்கள் தூக்கிய பழுப்பேறிய கூட்டை நினைக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது. எந்த ஊர்ச் சேரியிலிருந்து கிளம்பி எங்க பள்ளிக்கூட அலமாரிக்கு வந்து சேர்ந்தாரோ அவர்.

*

தமிழ் படித்தவன் என்பதால் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். எம்.ஏ.வில் பாதாதிகேசம் என்று ஒரு சிற்றிலக்கிய வகை படித்தோம். பாதம் தொடங்கிக் கேசம்வரை வருணிக்கும். தோலுக்கு உள்ளே ஒரு வரி போகாது. உள்ளே போன தமிழ், யாழ்ப்பாணத்தில் இருந்தது. அதைப் பற்றி ஒரு வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884) என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில்; பிறகு முழுக்கத் தமிழில். அவரும் அவர் மாணவர்களுமாகப் புத்தகங்களைத் தமிழாக்கினார்கள். 1857இல் 'அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம்'. அதாவது உடற்கூறு, உடலியங்கியல், சுகாதாரம். 1867இல் 'இரண வைத்தியம்'. 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்'. அது கிரேயின் நூல். 1883இல் 'மனுஷ சுகரணம்'. மதம் பரப்ப வந்தவர்தான் அவர், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் லண்டனில் வந்து 14 ஆண்டுக்குள் கிரேயின் நூல் தமிழில் அச்சாகிவிட்டது. தமிழில் மருத்துவம் முடியுமா என்று இன்றைக்கும் கேட்கிறவர்களுக்குப் பதில் 1872இலேயே இருக்கிறது.

அந்தத் தமிழ் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்றும் நாம் கேட்க வேண்டும். நூல் வந்து அறுபது ஆண்டு கழித்து, 1930ஐ ஒட்டி, அதே யாழ்ப்பாணத்தில் பஞ்சமர் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சம ஆசனம் கொடுக்கச் சொன்னதற்காகப் பள்ளிக்கூடங்கள் கொளுத்தப்பட்டன. தரையில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளை அங்காதிபாதத்தை எப்படி எட்டும்? தாய்மொழியில் வந்துவிட்டாலே அறிவு பொதுவாகிவிடும் என்று நம்புகிற தமிழறிஞர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கட்டும்.

*

இதெல்லாம் பழைய கதை என்று தள்ள முடியாது. எங்க மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்குமேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பல் உருவாகிற வயதில் அதற்குமேல் குடித்த பிள்ளைக்குப் பல் காவியேறி முளைக்கும். வருஷக்கணக்காகக் குடித்தவருக்கு முதுகும் முட்டியும் விறைக்கும். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அதற்குமுன் குடித்த தண்ணீரின் கணக்கு எங்கள் எலும்பில் எழுதியிருக்கிறது. நான் நடத்தும் இரவுப் பள்ளியில் எலும்பு மண்டலத்தை இந்தப் பல்லிலிருந்துதான் தொடங்குகிறேன்.

மூச்சு மண்டலத்துக்கு மலக்குழி. அதில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உயிரணு அதைப் பயன்படுத்த முடியாமல், சில மூச்சில் ஆள் விழுவான். தூக்கப் போகிற அண்ணன் தம்பியும் விழுவான். இரண்டு பேர் மூன்று பேராகச் சாகிறார்களே, காரணம் இதுதான். 2013இல் தடைச் சட்டம் போட்ட பின்னும் சாகிறார்கள். உடலியங்கியல் நமக்குப் பரீட்சைப் பாடமாக மட்டும் இருக்க முடியாது, தோழர்களே. உயிர் காக்கிற பாடம்.

அந்தப் படிப்பின் வாசலில்தான் 2017இல் அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா தடுத்து நிறுத்தப்பட்டாள். மூட்டை தூக்கியவரின் மகள். பன்னிரண்டாம் வகுப்பில் 1,200க்கு 1,176. நீட் என்று புதிதாக ஒரு கதவைப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம்வரை போய்த் தட்டினாள், திறக்கவில்லை. செப்டம்பர் 1 அன்று அவளை இழந்தோம். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்ததற்குப் பின்னால் அவள் பெயரைச் சொல்லித் தெருவில் நின்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள். தருமபுரியிலேயே 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாரண்டள்ளியிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். எங்க காலனியிலிருந்து டாக்டருக்குப் படிக்க இதுவரை யாரும் அந்த பஸ் ஏறவில்லை.

ஒரு பெண் நர்சிங் சேர்ந்திருக்கிறாள். லீவுக்கு வந்தவள் திண்ணையில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். பெரியப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. படத்தை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்து, விரலை ஒரு இடத்தில் வைத்தார். "இது சுவரொட்டி."

"ஆமா தாத்தா. ஸ்ப்ளீன்னு போட்டிருக்கு."

"பழைய ரத்தத்தைச் சலிக்கறது இதுதான்னு போட்டிருக்கா?"

அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். போட்டிருந்தது.