மேடையும் வாக்குப்பெட்டியும்: செட்டிகுளத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

வாக்குரிமை ஒரு சட்டத்தின் மூலம் ஒரே நாளில் வழங்கப்படக் கூடியது. அவ்வுரிமையைத் தெளிவுடன் பயன்படுத்தும் அறிவோ ஒரு நாளில் வந்து சேர்வதன்று. இவ்விரண்டுக்கும் இடையிலான இடைவெளியை நிரப்பும் பொருட்டு எழுந்தவையே மக்களாட்சி, தேர்தல், உலக நடப்பு ஆகியன பற்றிய பொது விரிவுரைகள். இலங்கைத் தமிழரிடையே அத்தகைய விரிவுரைகளுக்கு நூறாண்டு வரலாறு உண்டு. ஆயின் அவை எங்கு நிகழ்ந்தன, எம்மொழியில் நிகழ்ந்தன, யாரை நோக்கி நிகழ்ந்தன என்னும் வினாக்கள் போதியளவு எழுப்பப்படவில்லை. மேடை அமைந்த ஊரின் வரலாறு எழுதப்பட்டுள்ளது. மேடை சென்றடையாத ஊரின் வரலாறு எழுதப்படவில்லை. வவுனியா மாவட்டத்தின் தென்மேற்கே அமைந்த செட்டிகுளத்தை உரைகல்லாகக் கொண்டு இவ்வினாக்களை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குளத்தையும் வயலையும் நம்பி வாழ்ந்த வன்னிக் கிராமங்களுள் செட்டிகுளமும் ஒன்று. எனினும் அது உலகத் தொடர்பு அற்றிருந்த ஊர் அன்று. 1914ஆம் ஆண்டில் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை புகையிரதப் பாதை திறக்கப்பட்டபோது, இந்தியாவையும் கொழும்பையும் இணைத்த அப்பெருவழியிலே செட்டிகுளமும் ஒரு நிலையமாயிற்று. தனுஷ்கோடியிலிருந்து கப்பலேறி வந்த பயணிகளும் பத்திரிகைகளும் இவ்வூரைக் கடந்தே தெற்கு நோக்கிச் சென்றனர். புதிய கருத்துகளும் அவ்வழியே சென்றன. ஆனால் அவை இங்கு இறங்கினவா என்பது வேறு வினா.

இந்நூற்றாண்டு வரலாற்றின் தொடக்கத்தில் வாக்குரிமை மிகச் சிலருக்கே உரியதாயிருந்தது. 1911ஆம் ஆண்டில் சட்டநிரூபண சபையின் படித்த இலங்கையர் பிரதிநிதியாகச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் தெரிவு செய்யப்பட்டபோது, நாடு முழுவதிலும் அத்தொகுதிக்குரிய வாக்காளர் ஏறத்தாழ 3,000 பேரே. எனவே அரசியல் விரிவுரையும் அச்சிறு கூட்டத்தையே நோக்கியது. அவருடைய இளவல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1917ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இலங்கைத் தேசிய சங்கத்தின் முன் 'எமது அரசியல் தேவைகள்' என்னும் பொருளில் ஆற்றிய உரை, இத்துறையில் ஒரு திருப்புமுனையாகக் கொள்ளத்தக்கது. இரண்டாண்டுகளின் பின் தோன்றிய இலங்கைத் தேசிய காங்கிரசுக்கு அவ்வுரை வழிவகுத்தது. ஆயினும் அது ஆங்கிலத்தில், கொழும்பில், ஆங்கிலம் கற்றோர் முன் நிகழ்ந்த உரையே. வன்னி உழவனுக்கு அதில் பங்கு இருக்கவில்லை. அவனுக்கு வாக்கும் இருக்கவில்லை.

1927ஆம் ஆண்டு நவம்பரில் டொனமூர் ஆணைக்குழு இலங்கை வந்தபோது இந்நிலை மாறத் தொடங்கிற்று. மக்கட்டொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரே அப்பொழுது வாக்காளராயிருந்தனர். எழுத்தறிவில்லாதவர்க்கு வாக்களித்தல் ஆகாது என்பது தலைவர்கள் பலரின் நிலைப்பாடு. இராமநாதன் அவர்களும் சர்வசன வாக்குரிமையை உறுதியாக எதிர்த்தார். தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவும் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தினரும் மாறான கருத்தினை முன்வைத்தனர். தோட்டத் தொழிலாளரான தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று வினவப்பட்டபோது, அவர்களும் பெண்களே எனச் சங்கத்தின் சார்பில் அக்னஸ் டி சில்வா விடையிறுத்தமை நினைவுகூரத்தக்கது. ஆணைக்குழுவினர் எழுத்தறிவுத் தகைமையை ஏற்கவில்லை. ஈற்றில் 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாரும் 1931ஆம் ஆண்டில் வாக்குரிமை பெற்றனர். கல்வி முன்னும் வாக்கு பின்னுமாக வரவேண்டும் என்றோர் தோற்றனர். வாக்கு முன் வந்தது. கல்வியைக் கொண்டுசேர்க்கும் கடமை எஞ்சி நின்றது.

அக்கடமையை ஏற்க முன்வந்தோருள் யாழ்ப்பாண இளைஞர் முதன்மையானவர். 1924ஆம் ஆண்டின் இறுதியில் ஹண்டி பேரின்பநாயகம் முதலியோரின் முயற்சியால் உருவான மாணவர் காங்கிரஸ், பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. அதன் ஆண்டு மாநாடுகள் உண்மையில் திறந்தவெளி வகுப்பறைகளாகவே விளங்கின. சுயராச்சியம், சாதியொழிப்பு, சமபந்தி போசனம், தாய்மொழிக் கல்வி, சிங்கள தமிழ் ஒற்றுமை ஆகியன அங்கு விவாதிக்கப்பட்டன. சிங்கள அறிஞர்களும் அம்மேடைக்கு அழைக்கப்பட்டனர். 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தது இவ்விளைஞரின் அழைப்பினாலேயே. ஒரே மாதத்தில் தெற்கில் டொனமூர் குழுவும் வடக்கில் காந்தியடிகளும் இருந்தமை, அக்காலத் தமிழ் இளைஞர் முன் விரிந்த இரு பாதைகளை உணர்த்துவதாகும்.

1931ஆம் ஆண்டு ஏப்ரலில் கமலாதேவி சட்டோபாத்யாய தலைமையில் நிகழ்ந்த மாநாட்டில் அவ்விரு பாதைகளுள் ஒன்று தெரிவு செய்யப்பட்டது. டொனமூர் யாப்பு முழுச் சுயராச்சியத்தை வழங்கவில்லை. ஆகவே தேர்தலைப் பகிஷ்கரிக்க வேண்டும் என்பதே முடிவு. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்ய எவரும் முன்வரவில்லை. 1934ஆம் ஆண்டிலேயே அவற்றுக்கு இடைத்தேர்தல் நிகழ்ந்தது. ஆனால் வன்னிப் பெருநிலத்தை உள்ளடக்கிய மன்னார் முல்லைத்தீவுத் தொகுதி பகிஷ்கரிப்பில் சேரவில்லை. அங்கு தேர்தல் நடந்தது; அரசாங்க சபைக்கு அத்தொகுதி தன் பிரதிநிதியை அனுப்பிற்று.

இவ்வேறுபாட்டை வரலாற்றாசிரியர் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பாகவே கருதியுள்ளனர். நமது நோக்கில் அது மையமான செய்தியாகும். வாலிபர் காங்கிரசின் இலட்சியத் தூய்மை ஐயத்துக்கு இடமற்றது. எனினும் பகிஷ்கரிப்பின் வடிவத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். வாக்காளர் வாக்களிப்பு நிலையத்துக்குச் செல்லாது விட்டமையால் அது வெற்றி பெறவில்லை. வேட்பாளர் இல்லாமையால் வாக்களிப்பு நிலையமே திறக்கப்படவில்லை. வாழ்நாளில் முதன்முறையாக வாக்குப் பெற்ற யாழ்ப்பாணத்துப் பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் அதனைப் பயன்படுத்துமுன்னரே இழந்தனர். அவர்தம் கருத்தை எவரும் கேட்டிலர். மேடையில் நிகழ்ந்த விவாதம் சிறந்தது. ஆனால் அவ்விவாதத்தில் அமர இடம் பெற்றோர் பள்ளிக்கூடம் கண்டவர்களே. விரிவுரைகளை அதிகம் கேட்ட குடாநாடு வாக்களிக்கவில்லை. கேட்க வாய்ப்பற்ற வன்னி வாக்களித்தது. இம்முரணை எண்ணிப் பார்த்தல் தகும்.

வன்னி மக்கள் தேர்தலைக் கற்றது வாக்களித்தே. அக்காலத்தில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறப் பெட்டி ஒதுக்கப்பட்டது. எழுத்தறியாதவரும் நிறத்தை அடையாளங்கண்டு வாக்குச்சீட்டினை இட்டனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்முறை மாறிச் சின்னங்கள் வந்தன. அத்தேர்தலில் வவுனியாத் தொகுதி, பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராயிருந்த செ. சுந்தரலிங்கத்தைச் சுயேச்சை உறுப்பினராகத் தெரிவு செய்தது. அமைச்சராகிய அவர், இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமூலம் பற்றிய கருத்து வேறுபாட்டினால் 1948இன் இறுதியில் பதவி துறந்தார். வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் கிராம முன்னேற்றச் சங்கங்களும் பெருகிய அவ்வாண்டுகளில், ஒருவர் பத்திரிகை வாசிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்கும் வழக்கமே தமிழ்க் கிராமங்களின் குடியியல் வகுப்பாயிற்று.

சுந்தரலிங்கம் பதவி துறக்கக் காரணமாயிருந்த அப்பிரச்சினை பின்னாளில் வன்னிக்கே வந்து சேர்ந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் அடுத்த ஆண்டுச் சட்டங்களாலும் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராகி, 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்கிழந்து நின்றனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மனிதரை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. வறுமையாலும் வன்செயல்களாலும் மலைநாட்டை விட்டு வெளியேறியோர், செட்டிகுளம் உட்பட வவுனியா மாவட்டத்தின் பல பகுதிகளில் குடியேறினர். எழுபதுகளின் பிற்பகுதியில் எஸ். ஏ. டேவிட், வைத்தியர் சோ. இராஜசுந்தரம் ஆகியோர் வவுனியாவை மையமாகக் கொண்டு நடத்திய காந்தீயம் இயக்கம், இம்மக்களுக்குப் பண்ணைகளும் பாலர் பாடசாலைகளும் அமைத்தது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதாயினர். அவ்வாண்டு யூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டத்தளவிலான தீர்வு 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களாலேயே நிறைவுற்றது. வாக்கு இல்லாதவருக்கு வாக்கின் பெருமையை விளக்குதல் பயனற்றது. பிரசாவுரிமைப் பத்திரத்தை எவ்வாறு பெறுவது என்பதே அவர்க்கு வேண்டிய முதற் குடியியற் பாடமாயிருந்தது.

இதற்கிடையில் தேர்தல் முறையும் சிக்கலாயிற்று. 1959இல் வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைந்தது. 1978ஆம் ஆண்டு யாப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைப் புகுத்தியது. 1982இல் சனாதிபதித் தேர்தலும், 1989இல் விகிதாசார முறையிலான முதலாவது பாராளுமன்றத் தேர்தலும், அதனுடன் விருப்பு வாக்கும் வந்தன. 2018இல் உள்ளூராட்சித் தேர்தல் கலப்பு முறையில் நிகழ்ந்தது. முறை மாறியபோதெல்லாம் வாக்காளர் மீண்டும் மாணவராக வேண்டியிருந்தது. ஆனால் வன்னியில் அக்காலம் போர்க்காலம். பாதைகள் மூடுண்டன; செட்டிகுளத்தினூடாகச் சென்ற தலைமன்னார்ப் புகையிரதமும் 1990இல் நின்று, 2015இலேயே மீண்டும் முழுமையாக ஓடியது.

1931ஐ நினைவூட்டும் இன்னொரு பகிஷ்கரிப்பு 2005 நவம்பரில் நிகழ்ந்தது. விடுதலைப் புலிகளின் நிலைப்பாட்டையொட்டி விடுக்கப்பட்ட அழைப்பின் விளைவாக, அவ்வாண்டுச் சனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் வாக்களிப்பு நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றாக வீழ்ந்தது. வன்னி மாவட்டத்தில் மூன்றிலொரு பங்கினர் வாக்களித்தனர். நாடளாவிய வெற்றி வித்தியாசமோ ஏறத்தாழ 180,000 வாக்குகளே. முதலாவது பகிஷ்கரிப்புக்கு முன் ஒரு திறந்த மாநாடு இருந்தது. எதிர்த்துப் பேசவும் இடமிருந்தது. இரண்டாவதற்கு முன் அச்சம் இருந்தது. வினாவெழுப்ப மேடை இருக்கவில்லை. முன்னதில் கேட்கப்படாதோர் சிலர். பின்னதில் அனைவருமே கேட்கப்படாதோர். ஆகவே வாக்களியாமையும் ஓர் அரசியற் செயலே எனினும், அது விவாதத்தின் முடிவாக அமையும்போதே குடிமகனின் செயலாகும் என்பது தெளிவு.

போர் முடிந்த 2009ஆம் ஆண்டில் செட்டிகுளம் உலகச் செய்திகளில் இடம்பெற்றது. மனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்னி மக்கள் முட்கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டனர். அம்முகாம்களுக்கு இடப்பட்ட பெயர்கள் கவனத்துக்குரியன: இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி, கதிர்காமர். 'எமது அரசியல் தேவைகள்' பற்றி உரையாற்றியவரின் பெயரைத் தாங்கிய முகாமில் உணவும் குடிநீரும் தேவைகளாக இருந்தன. சர்வசன வாக்குரிமையை எதிர்த்தவரின் பெயரைத் தாங்கிய முகாமிலிருந்து மக்கள் வாக்களிக்கச் செல்ல வேண்டியிருந்தது. 2010 சனவரி 26ஆந் திகதி நிகழ்ந்த சனாதிபதித் தேர்தலில், அடையாள அட்டை இழந்தோரும் உறவினரைத் தேடியலைந்தோருமாகிய இம்மக்கள் வாக்காளராயினர். போதிய போக்குவரத்து வசதி கிடைக்கவில்லை எனக் கண்காணிப்பாளர் குறித்தனர். வன்னி மாவட்டத்தில் அன்று நூற்றுக்கு நாற்பதளவினரே வாக்களித்தனர். எனினும் அந்நிலையிலும் வரிசையில் நின்று வாக்களித்தோர் இருந்தனர் என்பதை மறத்தலாகாது.

2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. மறு ஆண்டு செப்டெம்பர் 21ஆந் திகதி வடக்கு மாகாண சபைக்கு முதன்முதல் நிகழ்ந்த தேர்தலில் மூன்றிலிரண்டு பங்கினர் வாக்களித்தனர். 38 ஆசனங்களுள் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புப் பெற்றது. முகாமிலிருந்து மீண்ட மக்களுக்கு வாக்கின் பயனை எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. கற்பிக்க வேண்டியிருந்தது வாக்களிப்புக்கு அடுத்த நாளின் பாடத்தையே. மாகாண சபையின் அதிகாரம் எதுவரை? ஆளுநரின் அதிகாரம் யாது? காணியும் காவல் துறையும் எவர் கையில்? 2018 ஒக்டோபரில் அச்சபையின் பதவிக்காலம் முடிந்தபின் பல ஆண்டுகள் தேர்தல் நிகழாதபோதும் பெரிய கிளர்ச்சி எழவில்லை. இம்மௌனம் அறியாமையால் மட்டும் விளைந்ததன்று. ஏமாற்றமும் அதற்குக் காரணமே. ஆயினும் தன் உரிமையின் எல்லையை அறியாதவன் அது குறைக்கப்படும்போதும் அறியான்.

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படும். முதலாவது, குடியியல் விரிவுரை வாக்காளர் வாழும் இடத்துக்குச் செல்லுதல் வேண்டும். குடாநாட்டு மேடையின் முடிவு வன்னிக்கு அறிவித்தலாக வந்தால் அது கல்வியாகாது. இரண்டாவது, அது கேட்போரின் தேவையிலிருந்து தொடங்குதல் வேண்டும். நாடற்றவருக்குப் பத்திரமும், இடம்பெயர்ந்தவருக்குத் தேருநர் இடாப்பும், குடியேறியவருக்குக் காணிச் சட்டமும் முதற் பாடங்கள். மூன்றாவது, வினாவுக்கு இடமில்லாத விரிவுரை பிரசாரமேயன்றிக் கல்வியன்று. உலக நடப்புப் பற்றிய விரிவுரைக்கும் இது பொருந்தும். அயல் நாடுகளின் யாப்புகளை விளக்குமிடத்து, அவை இங்குள்ள பிரதேச சபையின் அடுத்த கூட்டத்துக்கு என்ன பாடம் தருகின்றன என்பதும் கூறப்படுதல் வேண்டும்.

1924இல் அம்முயற்சியைத் தொடங்கியோர் மாணவரும் இளம் ஆசிரியருமே. அவர்களின் ஊக்கம் நமக்கு மரபாக வந்துள்ளது. அவர்கள் சென்றடையாத ஊர்களும் அவ்வாறே நமக்கு எஞ்சியுள்ளன. பல்கலைக்கழக மண்டபத்தில் ஆண்டுதோறும் நாம் நிகழ்த்தும் கருத்தரங்குகளுள் ஒன்றையேனும் செட்டிகுளம் போன்றதோர் ஊரின் பாடசாலை மண்டபத்தில் நிகழ்த்துவோமாயின், பேசுவதற்கு மேலாக நாம் கேட்கவேண்டியவை அங்கு மிகுதியாக உள்ளன. முட்கம்பிக்குள்ளிருந்து சென்று வாக்களித்த மக்களிடம் மக்களாட்சி பற்றிக் கற்றுக்கொள்ளப் பல்கலைக்கழகத்துக்கும் பாடங்கள் உண்டு.