படத்தில் என்ன தெரிகிறது? பதின்பருவ அந்தரங்க மீறலும் காரைக்காலிலிருந்து ஒரு சட்டப் பார்வையும்

பதின்பருவத்தினர் ஒருவர் இன்னொருவரின் அந்தரங்கத்தை இணையத்தில் மீறும்போது, இந்தியச் சட்டம் முதலில் கேட்கும் கேள்வி படத்தில் உடல் எவ்வளவு தெரிகிறது என்பதே. நம்பிப் பகிர்ந்தது அனுமதியின்றி வெளியே போனதா என்ற கேள்விக்கு அதனிடம் இடமே இல்லை. இதனால் பெரும்பாலான மீறல்களுக்குத் தீர்வே கிடைப்பதில்லை. சிலவற்றுக்கோ தாங்க முடியாத தண்டனை காத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, விரைவாக அகற்ற உத்தரவிடும் அதிகாரம் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத் தரப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கற்பனையாக ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். திருநள்ளாறில் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி. நண்பனோடு இரவில் பேசிய வாட்ஸாப் உரையாடலையும், காரைக்கால் கடற்கரையில் இருவரும் நின்றெடுத்த படத்தையும் அவன் சண்டைக்குப் பிறகு வகுப்பு குரூப்பில் போட்டுவிடுகிறான். யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார்கள். மாலைக்குள் அது வாஞ்சூர் எல்லையைத் தாண்டி நாகூரிலுள்ள அவள் மாமா கைபேசிக்கு வந்துவிடுகிறது. மறுநாள் படிப்பை நிறுத்திவிடலாமா என்று வீட்டில் பேச்சு எழுகிறது.

இங்கே எந்தச் சட்டம் பொருந்தும்? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு அந்தரங்க உறுப்புகளின் படத்தை மட்டுமே காக்கிறது. ஆபாசம் இல்லாததால் 67-ஆம் பிரிவும் இல்லை. புண்படுத்தும் செய்திகளைத் தண்டித்த 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015இல் ரத்து செய்தது. அது சரியான தீர்ப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை, ஒரு ட்வீட்டுக்காகப் புதுச்சேரியிலேயே 2012இல் ஒருவர் கைதானதை நாம் மறக்கவில்லை. அவதூறு வழக்கு என்றால் படமும் உண்மை, பேச்சும் உண்மை. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது, நிறுவனங்களுக்கு 200 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஆனால் தனிமனிதர் தம் சொந்தக் காரியத்துக்காகத் தரவைக் கையாள்வதை 3-ஆம் பிரிவிலேயே விலக்கிவிடுகிறது. வகுப்புத் தோழன் செய்ததை அச்சட்டம் ஏறெடுத்தும் பார்க்காது.

அதே பெண் அனுப்பியது ஆடை களைந்த படம் என்று வைத்துக்கொண்டால் நிலைமை தலைகீழ். 67பி பிரிவின்படி முதல் குற்றத்துக்கே ஐந்தாண்டு வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம், கூடவே சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம். இதில் விந்தை, 67பி பிரிவின் சொற்களை எழுத்துக்கு எழுத்து படித்தால் தன் படத்தைத் தானே அனுப்பிய அந்தச் சிறுமியும் அதற்குள் வந்துவிடுவாள். குழந்தைகளை விற்றுப் பிழைக்கும் கும்பலுக்காக எழுதிய பிரிவு, பதினாறு வயதுக் காதலையும் அதே தராசில் நிறுக்கிறது. இதை அறிந்த பெண் புகார் கொடுப்பாளா? பள்ளியில் ஆசிரியரிடம் அழுதுகொண்டு சொல்லலாம் என்றால், போக்சோவின் 19-ஆம் பிரிவு அவரைக் காவல் துறைக்கோ சிறப்பு சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்கச் சொல்கிறது. தவறினால் 21-ஆம் பிரிவு தண்டிக்கிறது. மூடி மறைப்பது, அல்லது காவல் நிலையம். ஆசிரியருக்கு வேறு வழி விடப்படவில்லை.

காரைக்காலின் பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர், 2011 கணக்கெடுப்பில் இரண்டு லட்சம் மக்கள். இவ்வளவு சிறிய ஊரில் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு பெயரை மறைத்தாலும், தெருமுனையில் காவல் வண்டி நின்றால் போதும். அரசே பெயரைக் கசியவிட்ட கதைகளும் உண்டு. 2019இல் பொள்ளாச்சி பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளியானதற்கும், 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழகப் பாலியல் வழக்கின் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்ததற்கும் தலா 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. காரைக்காலும் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் இருக்கிறது.

இந்த மண்ணில் வேறொரு சட்ட மரபு இருந்தது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில் பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பே நடப்பில் இருந்தது. அதன் 1384-ஆம் பிரிவு, உடன் வாழும் மைனர் பிள்ளைகள் செய்யும் தீங்குக்குப் பெற்றோரைப் பொறுப்பாக்கியது. நடிகை ராஷேலை மரணப் படுக்கையில் வரைந்த படத்தை 1858இல் பாரிஸ் நீதிமன்றம் தடுத்தபோது, அங்கே ஆபாசம் என்ற பேச்சே எழவில்லை. குடும்பத்தின் ஒப்புதல் இல்லை என்பதே போதுமானதாக இருந்தது. அந்தச் சிந்தனை 1970இல்தான் 9-ஆம் பிரிவாகி, அவசர விசாரணையில் மீறலை உடனே நிறுத்தும் அதிகாரத்தை நீதிபதிக்குத் தந்தது. அதற்குள் 1962இல் சட்டப்படியான கைமாற்றம் முடிந்துவிட்டதால், காரைக்கால் அந்தப் பலனை எட்டாண்டு இடைவெளியில் தவறவிட்டது. பழைய தொகுப்பைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. கேள்வியை அது வைத்த விதத்தைத்தான் சுட்டுகிறேன்.

நியூசிலாந்து 2015இல் இயற்றிய தீங்கான எண்மத் தொடர்புச் சட்டம் இதற்கு நெருங்கி வருகிறது. புகார் முதலில் நெட்சேஃப் என்ற அமைப்புக்குப் போகிறது. அங்கே தீராவிட்டால் மாவட்ட நீதிமன்றம் அகற்றவும், திருத்தம் வெளியிடவும், மன்னிப்புக் கேட்கவும் உத்தரவிடலாம். மன்னிப்பு உத்தரவில் மட்டும் எனக்கு நம்பிக்கை இல்லை. கட்டாயத்தில் பதினாறு வயதுப் பையன் கேட்கும் மன்னிப்பும் ஸ்கிரீன்ஷாட்டாகச் சுற்றும்.

அகற்றும் உத்தரவை முன்வைக்கும் இந்த யோசனைக்கு வலுவான எதிர்ப்பு ஒன்று உண்டு. காவிரி டெல்டாவில் 'பேசித் தீர்ப்பது' என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். ஊர்ப் பஞ்சாயத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து, பையனின் எதிர்காலம் கெட்டுவிடக் கூடாது என்று பெண்வீட்டாரிடம் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். குற்றவியல் தண்டனையைப் பின்தள்ளினால் இந்தப் பழக்கத்துக்கே சட்ட முத்திரை கிடைத்துவிடும் என்பார்கள். இது வெறும் அச்சமல்ல. ஆகவேதான் நான் கேட்பது சமரசம் அல்ல, உத்தரவு. பெண் அவன் எதிரே உட்கார வேண்டியதில்லை. குடும்பங்கள் கூட வேண்டியதில்லை. புகாரை அவள் திரும்பப் பெற்றாலும் அகற்றும் உத்தரவு நிற்க வேண்டும். மிரட்டல், பணம் பறித்தல், உத்தரவுக்குப் பின் மீண்டும் பகிர்தல், இவற்றில் ஒன்று இருந்தாலும் வழக்கமான குற்றவியல் பாதை திறந்திருக்க வேண்டும்.

வாய்க்கால் ஏற்கெனவே பாதி வெட்டப்பட்டிருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றமாகவோ வயதுவந்தோருடன் சேர்ந்து செய்ததாகவோ இல்லாவிட்டால் சிறார்மீது முதல் தகவல் அறிக்கை பதிவதில்லை. பொது நாட்குறிப்பில் எழுதி, சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்புகிறார்கள். குழுமம் ஆற்றுப்படுத்தலுக்கும் சமூகப் பணிக்கும் உத்தரவிடலாம், பெற்றோரையும் அபராதம் கட்டச் சொல்லலாம். ஆனால் சிறு குற்ற விசாரணைக்கே நான்கு மாதம் அவகாசம். படம் நாகூர் போய்ச் சேர ஒரு பிற்பகல் போதும். நாட்குறிப்பில் எழுதிய அன்றே அகற்றும் உத்தரவு பிறக்க வேண்டும். அது அந்தச் சிறுவனுக்கும், குரூப்பை நடத்துபவருக்கும், நிறுவனத்துக்கும் ஒருசேரப் போக வேண்டும். வழக்கறிஞர் ஒருவரின் அந்தரங்கப் படங்களை 48 மணி நேரத்தில் அகற்றச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மத்திய அரசுக்கு ஆணையிட்டது. உயர் நீதிமன்றம்வரை போக முடிந்தவருக்குக் கிடைத்த அந்த வேகம், திருநள்ளாறு மாணவிக்குப் பக்கத்துக் கட்டடத்திலேயே கிடைக்க வேண்டும்.

67பி பிரிவிலிருந்து தன் படத்தைத் தானே அனுப்பும் சிறாரை விலக்குவதும், போக்சோவின் அறிவிப்புக் கடமையைச் சம வயதினர் விஷயத்தில் தளர்த்துவதும் நாடாளுமன்றத்தின் வேலை. ஆடையுள்ள படத்துக்கும் உரையாடலுக்கும் ஓர் உரிமையியல் தீர்வு வகுப்பதும் அப்படியே. நாட்குறிப்புப் பதிவு எத்தனை மணி நேரத்தில் குழுமத்தின் முன் வைக்கப்பட வேண்டும், பெண் காவலர் சீருடையின்றி வீட்டுக்குப் போவது, எல்லை தாண்டிய படத்துக்காக நாகப்பட்டினம், மயிலாடுதுறைக் காவல் துறைகளோடு எப்படித் தகவல் பகிர்வது போன்ற நடைமுறைகளை இளைஞர் நீதிச் சட்டத்தின் 110-ஆம் பிரிவின்கீழ் விதிகளாகப் புதுச்சேரியே வகுத்துக்கொள்ளலாம். அதற்கு டெல்லியை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை.