நடித்த குழந்தைகளும் குழந்தைகளுக்காக நடித்தவர்களும்

தமிழ் நாடக வரலாற்றைப் புரட்டுபவர் கண்ணில் ஒரு விநோதம் தட்டுப்படும். குழந்தைகள் பெரியவர்களுக்காக மேடையேறிய வரலாறு நம்மிடம் ஒரு நூற்றாண்டைத் தாண்டியது. பெரியவர்கள் குழந்தைகளுக்காக மேடையேறிய வரலாறோ மிகச் சன்னமானது. இந்த ஏற்றத்தாழ்வு நாடகத்தை மட்டும் பாதித்த ஒன்றன்று. மொழி கற்பதிலும், பள்ளி நடத்துவதிலும் அதன் நிழல் விழுந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் எண்ணம்.

1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி.கே. சண்முகம் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. அவருக்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆர்., யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழுவில் சிவாஜி கணேசன் என்று அந்தப் பாலர் சபைகளின் வார்ப்புகளைத் தமிழகம் நன்கறியும். ஆனால் விடிய விடியப் பாடிய அச்சிறுவர்களின் எதிரே அமர்ந்திருந்தவர்கள் பெரியவர்களே. கோவலனும் வள்ளியும் பவளக்கொடியும் பாலகர்களுக்கான கதைகள் அல்ல. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அதுவரை நாயகனாக நின்ற சிறுவன் பின்வரிசைக்குப் போக வேண்டியதுதான். குழந்தைமை அங்கே ஒரு மூலதனம், தீர்ந்துபோகும் மூலதனம்.

இது நமக்கே உரியது என்றும் சொல்வதற்கில்லை. ஜப்பானில் ரயில் நிறுவனம் நடத்திய கோபயாஷி இச்சிஸோ, தம் பாதையின் கடைசி நிலையமான தகராஸுகாவுக்குப் பயணிகளை ஈர்ப்பதற்காக ஒரு சிறுமியர் இசைக்குழுவை அமைத்தார். 1914-இல் அக்குழு முதன்முதலாக மேடையேறியபோது நடித்தவற்றுள் ஒன்று மோமோதாரோ என்னும் பீச்சம்பழச் சிறுவனின் நாட்டார் கதையைத் தழுவிய இசைநாடகம். நம் பாலர் சபைகளின் காலமும் அதுவே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு: அங்கே சிறுமியர் கையில் எடுத்தது சிறுவர் கதையை.

பள்ளிகளைத் தேடிச் சென்று நடிக்கும் வழக்கம் இந்தியாவில் ஆங்கிலத்தின் வழியாக வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது படைவீரர்களை மகிழ்விக்க இந்தியா வந்த ஜெஃப்ரி கெண்டல், 1947-இல் மனைவி லாரா லிடலுடன் மீண்டும் வந்து 'ஷேக்ஸ்பியரானா' குழுவை ஊர் ஊராகக் கொண்டு சென்றார். உத்பல் தத்தும் சசி கபூரும் அதில் நடித்தவர்கள். அரண்மனைகளில் நடித்ததை விட அக்குழுவின் உயிர் பள்ளிக்கூட மண்டபங்களில்தான் இருந்தது எனலாம். பாடப்புத்தகத்தில் உரைக்குறிப்புகளோடு நெட்டுருப் போட்ட ஷைலாக்கை மாணவர்கள் அங்கே ரத்தமும் சதையுமாகக் கண்டனர். சினிமாவின் பெருக்கத்தில் அக்குழு மங்கியதன் சாயலை 1965-இல் வெளிவந்த 'ஷேக்ஸ்பியர் வாலா' திரைப்படத்தில் காணலாம். என்றாலும் கெண்டல் கொண்டுவந்ததும் பாடத்தின் நீட்சியே. மொழி விளையாட்டாகவில்லை.

அந்த விளையாட்டு, 1991-இல் ஆயிஷா ராவ் தொடங்கிய 'தி லிட்டில் தியேட்டர்' மூலம் சென்னைக்கு வந்தது. ஆண்டுதோறும் கிறிஸ்துமஸை ஒட்டி அக்குழு நிகழ்த்திவந்த பாண்டோமைம், பாட்டும் கூத்தும் கேலியும் கலந்த ஆங்கில நாடகம். ஆனால் அரங்குக்கு வந்து சேர்ந்தவை ஏற்கெனவே வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த குழந்தைகளே பெரும்பாலும். தமிழில் அந்தக் காரியத்தைச் செய்தவர் புதுச்சேரி வேலு சரவணன். 'ஆழி' குழுவுடன் பள்ளி பள்ளியாகச் சென்று அவர் நடத்திய 'கடல் பூதம்', மீனவனும் பூதமுமான அரபுக் கதையின் மறுபிறப்பு. முகத்தில் வண்ணம் பூசிய ஒரு பெரியவர் தங்களுக்காகக் கோமாளியாகிறார் என்பதே கிராமத்துப் பள்ளிக் குழந்தைகளுக்குப் பெரும் விடுதலை.

ஜப்பானில் இந்த இரு இழைகளும் சந்தித்தன. அங்கே தொடக்கப்பள்ளியின் ஐந்து, ஆறாம் வகுப்புகளுக்கு 2011-இல் அயல்மொழிச் செயல்பாடு கட்டாயமானது. 2020-இல் அது மதிப்பெண் உள்ள பாடமாகி, செயல்பாடு மூன்றாம் வகுப்பிலேயே தொடங்கியது. பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் பிள்ளைகள் தரையில் அமர, ஆங்கிலத்தில் பாடி ஆடும் சிறு குழுக்கள் அவ்விடம் தேடி வருகின்றன. எளிய சொற்கள், திரும்பத் திரும்ப வரும் பல்லவி, கையசைவு. தவறாகப் பாடினாலும் மதிப்பெண் குறையாது.

இப்போது நெய்வேலியைப் பார்ப்போம். 1935 வாக்கில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தென்பட்ட கரிய மண்ணிலிருந்து பிறந்த ஊர் அது. 1956-இல் நிறுவனம் அமைந்தது. 1957-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சோவியத் உதவியுடன் அனல்மின் நிலையம் எழுந்தது. பல மாநிலத்தவர் வட்டம் வட்டமாகக் குடியேறிய நகரியத்தில் ஆங்கிலம் அலுவலகத்தின் மொழியும் பதவி உயர்வின் மொழியும் ஆயிற்று. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமங்களின் பிள்ளைகளுக்கோ அது நுழைவாயிலில் நிற்கும் காவலாளி. 1998-இல் புத்தகக் கண்காட்சி தொடங்கிய, வாசிப்பை மதிக்கும் ஊர்தான். எனினும் எந்த ஊர்ப் பள்ளியின் ஆண்டு விழாவையும் போலவே இங்கும் குழந்தைகள் பொருள் விளங்காத ஆங்கிலப் பாட்டுக்குக் கையாட்ட, முன்வரிசை நாற்காலிகளில் பெரியவர்கள் கைதட்டுகிறார்கள். பாலர் சபை இன்னும் முடியவில்லை. அரிதாரம் மட்டும் மாறியிருக்கிறது.

நாற்காலிகளைத் திருப்பிப் போடுவது பெரிய காரியமன்று. ஆண்டில் ஒரு நாளேனும் குழந்தைகள் முன்வரிசையில் அமரட்டும். ஆங்கிலம் அறிந்த பெரியவர்கள் மேடையேறிப் பாடட்டும், தடுமாறட்டும், சிரிக்கப்படட்டும். தன் முன்னே ஒரு பெரியவர் அசடாக நிற்கக் கண்ட குழந்தை, அந்த மொழிக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதைத் தானே கண்டுகொள்ளும்.