வடகடல் உலாவுக்கு எந்தத் துறை?

அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள சியாட்டில் நகரில் தொழில் புரியும் என் பழைய மாணவர் ஒருவர், அலாஸ்காவின் பனிமலைகளைக் கப்பலில் சென்று காண விரும்பி, "ஐயா, இங்கேயே கப்பலேறுவதா, எல்லை தாண்டிக் கனடாவின் வான்கூவருக்குப் போய் ஏறுவதா?" என்று எழுதிக் கேட்டிருந்தார். கட்டணத்தையும் விடுமுறை நாட்களையும் கணக்கிட்டுத் தீர்க்க வேண்டிய கேள்வியை ஓய்வுபெற்ற பள்ளியாசிரியனிடம் ஏன் கேட்டார் என்று முதலில் எண்ணினேன். எண்ணிப் பார்க்கையில், அதற்குள் நல்லதொரு சரித்திரம் அடங்கியிருப்பது புலனாயிற்று. இரு நகரங்களுக்கும் இடையே தரைவழித் தொலைவு ஏறத்தாழ 140 மைல்தான். ஆயினும் இங்கு ஏறுபவர் காணும் கடல் வேறு. அங்கு ஏறுபவர் காணும் கடல் வேறு. இவ்வேற்றுமையை உண்டாக்கியதில் இயற்கைக்குப் பங்கு சிறிதே. பெரும்பங்கு ஒரு சட்டத்துக்கும் ஒரு பொன்வேட்டைக்கும் உரியது.

முதலில் இயற்கையைப் பார்ப்போம். வட அமெரிக்காவின் மேற்குக் கரை, வான்கூவர்த் தீவு தொடங்கி வடக்கே அலாஸ்கா வரை, எண்ணற்ற தீவுகளாகச் சிதறிக் கிடக்கிறது. அத்தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே ஓடும் நீர்வழியை 'உள்வழி' என்பர். பசிபிக் மாகடலின் அலைச் சீற்றம் அங்கே பெரும்பாலும் எட்டுவதில்லை. இருமருங்கும் காடடர்ந்த மலைகள் நிற்க, ஆற்றில் ஓடம் செல்வதுபோலக் கப்பல் செல்லும். ஆங்கிலேய மாலுமியாகிய ஜார்ஜ் வான்கூவர் 1792 முதல் 1794 வரை மூன்று கோடைகளில் இக்கரையை அளந்து படம் வரைந்தார். சியாட்டில் அமைந்திருக்கும் பியூஜெட் வளைகடலுக்கு அவருடைய துணைவர் ஒருவரின் பெயரும், வடக்கேயுள்ள நகருக்கும் தீவுக்கும் அவர் பெயருமே இன்றளவும் வழங்குகின்றன.

அமைதியான வழியாயினும் அதில் ஓரிடத்தில் எமன் காத்திருந்தான். வான்கூவர்த் தீவின் அருகே சீமோர் இடுக்கு என்னும் குறுகிய நீர்வழியில், நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே, இரட்டை முகடு கொண்ட ரிப்பிள் பாறை மறைந்திருந்தது. அங்கே ஏற்றவற்றத்தின்போது நீரோட்டம் மணிக்குப் பதினைந்து கடல் மைல் வேகம் வரை பாயும். 1875-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படையின் சாரநாக் என்னும் கப்பல் அதில் மோதி மூழ்கியது. அதன்பின் பலியான கலங்கள் பல. இறுதியில் கனடியர், அருகிலிருந்த தீவிலிருந்து கடலடித் தரைக்குக் கீழே சுரங்கம் குடைந்து, பாறையின் உட்புறத்துக்கு ஏறி, சுமார் 1,270 டன் வெடிமருந்தை நிரப்பி, 1958 ஏப்ரல் 5 அன்று அதன் முகடுகளைத் தகர்த்தெறிந்தனர். கனடா நாட்டு மக்கள் அக்காட்சியைத் தொலைக்காட்சியில் நேரே கண்டனர். வான்கூவரில் ஏறுபவர் இன்று உறங்கிக்கொண்டே கடக்கும் இடம் அதுதான்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். வான்கூவர் நகராட்சி 1886 ஏப்ரலில் பிறந்தது. பிறந்து பத்து வாரம் நிறையுமுன், ஜூன் 13 அன்று, பெருந்தீயில் நகரம் முழுதும் சாம்பலாயிற்று. அந்தச் சாம்பல் ஆறுமுன், ஆறே நாள் கழித்து ஜூன் 19 அன்று, வாஷிங்டனில் ஒரு சட்டம் நிறைவேறியது. வேற்று நாட்டுக் கப்பல் எதுவும் ஓர் அமெரிக்கத் துறையில் பிரயாணிகளை ஏற்றி மற்றோர் அமெரிக்கத் துறையில் இறக்கலாகாது. மீறினால் தலைக்கு 2 டாலர் அபராதம். 1898-இல் அதுவே 200 டாலராக உயர்ந்தது. சொந்த நாட்டுக் கப்பல் முதலாளிகளைக் காப்பதற்காக எழுதப்பட்ட இவ்விதி, எரிந்து கிடந்த அயல்நாட்டு நகரமொன்றுக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் வாழ்வளிக்கும் என்று அதனை இயற்றியவர் கனவிலும் கருதியிருக்க மாட்டார்.

உடனடி வாழ்வு சியாட்டிலுக்கே வாய்த்தது. 1897 ஜூலை 17 அன்று போர்ட்லண்ட் என்னும் நீராவிக் கப்பல், கனடாவின் க்ளோண்டைக் ஆற்றுப் பகுதியில் கிடைத்த பொன்னுடன் அந்நகரில் வந்து நின்றது. ஒரு டன் பொன் வருகிறதென்று பத்திரிகை முழங்கியது. உண்மையில் வந்தது அதனினும் மிகுதி. ஊர் மேயரே பதவியைத் துறந்து பொன் தேடப் புறப்பட்டாரென்றால் மற்றையோர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ! ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வடக்கு நோக்கிக் கிளம்பினர். மூட்டைகளுடன் ஸ்காக்வேயிலும் டையாவிலும் இறங்கி, மலைக் கணவாய்களை ஏறிக் கடந்தவர்களுள் பொன்வயலை எட்டியவர் பாதிக்கும் குறைவே.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஓராண்டுக்குப் போதிய உணவும் பண்டமும் இல்லாதவரைக் கனடியக் காவற்படையினர் கணவாயில் தடுத்து நிறுத்தினர். ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன் சுமை. அதை எங்கே வாங்குவது? பொன் விளைந்த நிலம் கனடாவைச் சேர்ந்தது. ஆகவே வான்கூவரிலோ விக்டோரியாவிலோ வாங்கினால் சுங்கவரி இல்லை. நியாயமும் கணக்கும் கனடியத் துறைகளின் பக்கமே இருந்தன. ஆனால் சியாட்டில் வணிகர் எராஸ்டஸ் பிரெய்னர்டு என்னும் பத்திரிகையாளரை அமர்த்தினர். அவர் நாடெங்கும் விளம்பரங்களையும் கடிதங்களையும் பரப்பி, பொன்னுலகின் வாயில் சியாட்டிலே என்று மக்களை நம்பவைத்தார். 1890-இல் 43 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாயிருந்த அந்நகரின் மக்கள் தொகை 1900-இல் 80 ஆயிரத்தைக் கடந்தது. வழியைக் கடல் திறந்தது. வாயிலை விளம்பரம் நாட்டியது.

பொன் வேட்கை தணிந்தபின் பனிக் காட்சி வேட்கை தொடர்ந்தது. சியாட்டிலிலிருந்து அலாஸ்கா ஸ்டீம்ஷிப் கம்பெனியின் கப்பல்களும், வான்கூவரிலிருந்து கனடியன் பசிபிக் கம்பெனியின் 'பிரின்ஸஸ்' கப்பல்களும் ஓடின. இவற்றுள் பிரின்ஸஸ் சோபியா, 1918 அக்டோபரில் ஸ்காக்வேயிலிருந்து வான்கூவர் நோக்கி வருகையில் பனிப்புயலில் பாறைமேல் ஏறி நின்று, மறுநாள் கவிழ்ந்தது. 340-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மனிதர் ஒருவரும் தப்பவில்லை. உள்வழியையும் எளிதாக எண்ணலாகாது. அலாஸ்கா கம்பெனி 1954-இல் பிரயாணிக் கப்பல்களை நிறுத்திவிட்டது. சட்டம் மட்டும் நின்றது. காக்க வேண்டிய பயிர் அழிந்த வயலில் வேலி நின்றதுபோல.

அந்த வேலிக்கு அப்புறம் வான்கூவர் தழைத்தது. உல்லாசக் கப்பல்களிற் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா முதலிய நாடுகளின் கொடி தாங்கியவை. அவை சியாட்டிலில் ஆளேற்றி அலாஸ்காவில் இறக்கிவிட முடியாது; வான்கூவரில் ஏற்றினால் தடையில்லை. 1986-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கடலோரத்தில் வெண்பாய்கள் விரித்தாற்போன்ற கூரையுடன் எழுந்த 'கனடா பிளேஸ்' அக்கப்பல்களின் துறையாயிற்று.

கப்பலின் வழியைச் சட்டம் வகுத்த கதையைச் சொல்லுகையில், அதே வான்கூவர்க் கடற்கழியில் நம் நாட்டவர் பட்ட பாட்டைச் சொல்லாமற்போவது முறையன்று. பிறந்த நாட்டிலிருந்து இடைநில்லாது வந்தவரையே ஏற்போம் என்று கனடா 1908-இல் விதித்தது. இந்தியாவிலிருந்து நேரே வரும் கப்பலோ கிடையாது. 1914-இல் ஹாங்காங்கில் புறப்பட்ட கோமகட்டா மாரு, பெரும்பாலும் பஞ்சாபியரான 376 பேருடன் மே 23 அன்று அங்கே நங்கூரமிட்டது. இரண்டு மாதம் கரை அவர் கண்ணெதிரே இருந்தது. ஓரிரு டஜன் பேரன்றி எவரும் அதில் கால் வைக்கவில்லை. ஜூலை 23 அன்று அக்கப்பல் விரட்டப்பட்டது. எந்தத் துறையில் ஏறினாய் என்னும் கேள்வி அவர்களுக்கு உல்லாசக் கேள்வியாக இருக்கவில்லை. கனடியப் பிரதமர் 2016-இல் நாடாளுமன்றத்தில் அதற்காக மன்னிப்புக் கோரினார்.

சியாட்டில் மீண்டும் எழுந்தது 2000-ஆம் ஆண்டை ஒட்டி. சட்டத்தை மீறாமலே ஒரு வழி கண்டனர். சியாட்டிலில் ஏறியவரைச் சியாட்டிலிலேயே இறக்குவது. இடையே ஒரு கனடியத் துறையைத் தொட்டுவிடுவது. அதனாலேயே கப்பல்கள் விக்டோரியாவில், பெரும்பாலும் மாலைப்பொழுதில், சில மணி நேரம் நிற்கின்றன. மேலும், வான்கூவர்த் துறையின் வாயிலிலுள்ள 1938-ஆம் ஆண்டுப் பாலத்தின் கீழ் 61 மீட்டர் உயரமே இடைவெளி உண்டு; இக்காலத்துப் பெருங்கப்பல்கள் சில அதற்குள் நுழைய முடியா.

2021-இல் பெருந்தொற்றுக் காரணமாகக் கனடா தன் துறைகளை உல்லாசக் கப்பல்களுக்கு மூடியபோது, இந்நூற்றாண்டுப் பழமைச் சட்டத்தின் பிடி எல்லோருக்கும் புலப்பட்டது. விக்டோரியாவைத் தொடாமல் கப்பல் அலாஸ்கா செல்ல இயலாது. கப்பல் வராவிடில் ஸ்காக்வே போன்ற சிற்றூர்களில் கடை திறந்து பயனில்லை. அவ்வாண்டு மே மாதத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் தற்காலிக விலக்களித்தபின், ஜூலையில் சியாட்டிலிலிருந்து கப்பல் புறப்பட்டது. கனடா துறைகளைத் திறந்ததும் விலக்கு முடிந்தது. பழைய விதி திரும்பிவிட்டது.

மாணவருக்கு நான் எழுதிய விடை இதுவே. சியாட்டிலில் ஏறினால் அலைச்சல் குறைவு; ஆனால் கப்பல் பெரும்பாலும் வான்கூவர்த் தீவின் மேற்கே திறந்த கடலில் செல்லும். முதியோர் உடன் வந்தால் அலையாட்டம் அவர்களை வருத்தக்கூடும். புறப்பட்ட ஊருக்கே திரும்பாது, அலாஸ்காவின் உட்பகுதியையும் காண விரும்பினால், வான்கூவரில் ஏறி ஸூவர்டிலோ விட்டியரிலோ இறங்கலாம். உள்வழியின் தீவுகளைக் காண்பதே நோக்கமானாலும் வான்கூவரே தக்கது. கனடிய விசாவுக்கு முன்கூட்டியே எழுதிப்போடும்படியும் சேர்த்துக் குறித்தேன்; சியாட்டில் கப்பலும் விக்டோரியாவில் நிற்பதால், எங்கு ஏறினாலும் அதை மறக்கலாகாது.